‘வேண்டாம்’ என்று சொல்லும் வீடு: மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பில் குடும்பத்தை இணைப்பது எப்படி?

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் பணியில் இருப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு காட்சி உண்டு. பயிற்சி முடிந்துவிட்டது, நேர்முகத் தேர்வு நன்றாக நடந்தது, பணி நியமனக் கடிதமும் வந்துவிட்டது. வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையில் வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. “இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறோம்” என்று தாயோ தந்தையோ அக்காவோ சொல்கிறார். பல மாத உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுபோகிறது. பிறகு கோப்பில் எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘குடும்பம் ஒத்துழைக்கவில்லை’.

அந்தக் குறிப்பில் பாதி உண்மைதான் இருக்கிறது. அதுவரை அந்தக் குடும்பத்திடம் யார் எதைக் கேட்டார்கள் என்று அதே கோப்பைப் புரட்டிப் பாருங்கள். கையெழுத்துக் கேட்டிருப்பார்கள், சான்றிதழ் நகல் கேட்டிருப்பார்கள், புகைப்படம் கேட்டிருப்பார்கள். பிள்ளையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், வேலை என்றதும் எதை நினைத்து அஞ்சுகிறார்கள் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிக் கேட்கப்படாமல் கிடந்தவை எல்லாம் கடைசி நாளில் ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லாகத் திரண்டு வருகின்றன. குடும்பத்தோடு பணியாற்றுவது என்றால், அந்தச் சொல்லை முன்கூட்டியே தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விடை தேடும் வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொள்வது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

உலக மக்களில் 16 விழுக்காட்டினர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. 2006இல் நிறைவேற்றப்பட்டு 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, தாமே தேர்ந்தெடுத்த வேலையின் மூலம் பிழைக்கும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்கிறது. அதே உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, விழிப்புணர்வு ஏற்படுத்தும் கடமையைப் பற்றிப் பேசும்போது, சமூகம் முழுவதிலும் என்று சொல்வதோடு நில்லாமல் குடும்ப அளவிலும் என்று தனியாகக் குறிப்பிடுகிறது. சட்டம் எழுதியவர்களுக்கே வீட்டு வாசல் நினைவிருந்தது; நடைமுறையில் நாம்தான் அதை மறந்துவிடுகிறோம்.

வீட்டுக்குப் போகும் முன் ஒருவரிடம் அனுமதி

வேலை தேடுபவர் பதினெட்டு வயதைக் கடந்தவர் என்றால், குடும்பத்தைச் சந்திப்பதற்கு முன் அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். ‘உங்கள் வேலையைப் பற்றி வீட்டில் யாரிடம் நான் பேசலாம், யாரிடம் பேச வேண்டாம், எதைச் சொல்லக் கூடாது’ என்ற மூன்று கேள்விகளையும் அவர் விளங்கிக்கொள்ளும் வடிவத்தில் கேளுங்கள். சிலர் அம்மாவைச் சொல்வார்கள். சிலர் அண்ணியைச் சொல்வார்கள். ஒருவர் வீட்டில் இருக்கும் எவரையும் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுத் தோழரின் பெயரைச் சொல்லலாம். குடும்பம் என்பது அவர் யாரை நம்புகிறாரோ அவர்கள்தான் என்று எடுத்துக்கொள்வதே இந்தப் பணிக்குப் பொருத்தமான வரையறை.

குடும்பத்தை அழைக்கவே தேவையில்லாத இடங்களும் உண்டு. சக்கர நாற்காலியில் இயங்கும் ஒரு கணக்காளரோ பார்வையற்ற ஒரு பட்டதாரியோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘பெற்றோரையும் அழைத்து வாருங்கள்’ என்று சொல்வது உதவியாகாது, அவமதிப்பாகும். காது கேளாத ஒருவரோடு பேசும்போது அவருடைய தங்கையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைப்பதும் இதே வகைத் தவறுதான். தங்கை நல்லெண்ணத்தோடே பாதியைச் சுருக்கிவிடுவார், மீதியைத் தாமே பதிலாகச் சொல்லிவிடுவார். சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, தங்கையைத் தங்கையாகவே இருக்க விடுங்கள்.

முதல் சந்திப்பில் என்ன கேட்பது

படிவங்களை எடுத்துச் செல்லாதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே முதல் சந்திப்பின் தன்மை மாறிவிடும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து மருத்துவர்களும் பள்ளிகளும் அலுவலர்களும் அந்தக் குடும்பத்திடம் கேட்டது ஒன்றே: ‘இவரால் எதெல்லாம் முடியாது?’ சான்றிதழ் பெறவும், உதவித்தொகை பெறவும், சலுகை பெறவும் அந்தக் கேள்விக்கு முழுமையாகவும் உருக்கமாகவும் பதில் சொல்ல அவர்கள் இருபது ஆண்டுகளாகப் பழகியிருக்கிறார்கள். நீங்களும் ஒரு படிவத்தோடு போய் அமர்ந்தால் அதே பதில்தான் கிடைக்கும். பிறகு, பெற்றோருக்கே பிள்ளைமீது நம்பிக்கை இல்லை என்று நீங்கள் குறைபட்டுக்கொள்வீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு முழு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் யார் முதலில் எழுகிறார், அவர் எழுந்ததும் யாரும் சொல்லாமலே என்ன செய்கிறார், வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், விருந்தினர் வந்தால் அவர் என்ன செய்வார், எந்த நேரத்தில் எரிச்சல் அடைவார், எது நடந்தால் அமைதியாவார் என்று நாளின் போக்கிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். இந்த உரையாடலில் வெளிவரும் செய்திகள் எந்தத் திறன் மதிப்பீட்டுத் தாளிலும் இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு இளைஞர் துவைத்து வந்த துணிகளை யாருடையது என்று பார்த்துத் தவறாமல் பிரித்து அடுக்குவார் என்பது அவருடைய தாய்க்குச் சாதாரணச் செய்தி; உங்களுக்கு அது ஒரு சலவையகத்திலோ சரக்குக் கிடங்கிலோ மருத்துவமனையின் துணிப்பிரிவிலோ ஒரு பணியிடத்தின் தொடக்கம். சத்தம் அதிகமானால் அவர் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவார் என்ற தகவல், எந்தப் பணியிடத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள் தெரிந்துகொள்ளாமல் இப்போதே தெரிந்துகொள்ள உதவுகிறது.

கேட்டதோடு நிறுத்தாமல், வீட்டில் ஏதேனும் வேலை நடக்கும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. ‘அவனுக்குத் தெரியாது’ என்று குடும்பத்தார் சொல்வதற்குச் சில நேரம் ‘அவனை நாங்கள் செய்ய விட்டதில்லை’ என்பதே பொருள். 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் செய்துகாட்டி, தவறும் இடத்தில் மட்டும் கைகொடுத்தார், அவ்வளவுதான் முறை. ஒருவர் கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்பிக்கும் வழியை மாற்ற வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. இந்தச் செய்தியைக் குடும்பத்தாரிடம் சொற்பொழிவாகச் சொல்வதில் பயன் இல்லை. வீட்டிலேயே ஒரு சிறிய வேலையை எடுத்து, பத்துப் படிகளாகப் பிரித்து, அவர்கள் கண்முன் கற்றுக்கொடுங்கள். தன் மகள் ஒரு மணி நேரத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டதை நேரில் பார்த்த தந்தையிடம் அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் வாதாட வேண்டியிருக்காது.

பயத்தைப் பிரித்துப் பார்ப்பது

இந்தப் பணியில் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ‘பயமாக இருக்கிறது’ என்று குடும்பம் சொன்னால், ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. அவர்களுக்கோ அது, இவருக்கு எதுவும் புரியவில்லை என்பதற்கான சான்று. என்ன நடந்துவிடும் என்று நினைக்கிறீர்கள், எங்கே நடக்கும், அப்போது யார் அருகில் இருப்பார் என்று கேளுங்கள். பதில்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தீர்வு தேவைப்படும்.

பயணம் பற்றிய அச்சம் பெரும்பாலும் முதலில் வரும், அதற்குத்தான் தீர்வும் எளிது. வேலையில் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே, வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே வழியில் பயணத்தை ஒத்திகை பாருங்கள். முதல் சில நாள் குடும்பத்தில் ஒருவர் அருகிலேயே வரட்டும். பிறகு அதே பேருந்தில் சற்றுத் தள்ளி உட்காரட்டும். பிறகு இறங்கும் இடத்தில் மட்டும் காத்திருக்கட்டும். வண்டி வராவிட்டால், இறங்க வேண்டிய இடம் தவறிவிட்டால், கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் வேண்டுமென்றே ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். வழி தவறிப் போய்த் தானாகவே திரும்பி வந்த ஒரு நாள், பத்து நாள் சரியாகப் போய் வந்ததைவிட அதிகத் துணிவைத் தருகிறது.

கேலி, சுரண்டல், பாலியல் தொல்லை ஆகியவை பற்றிய அச்சம் இதைவிட ஆழமானது. பெண்களின் குடும்பங்களில் இது பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் ‘அவளுக்கு உடம்பு முடியாது’ என்ற காரணத்தின் பின்னால் மறைந்திருக்கும். அப்படி எதுவும் நடக்காது என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. பணியிடத்தில் அவருக்குப் பக்கத்தில் யார் வேலை செய்வார், கழிப்பறை எங்கே இருக்கிறது, பூட்டு உள்ளதா, இடைவேளையில் யாரோடு இருப்பார், புகாரை யாரிடம் சொல்ல வேண்டும், அந்தப் பொறுப்பாளரின் பெயர் என்ன என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். முடிந்தால் குடும்பத்தாரையே அழைத்துப் போய்க் காட்டுங்கள். அதோடு, ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லவும், யார் தொட்டால் தவறு என்று அறியவும், நடந்ததை வீட்டில் வந்து சொல்லவும் அவருக்குக் கற்றுக்கொடுப்பது வேலைப் பயிற்சியின் ஒரு பகுதி என்பதைக் குடும்பத்திடம் தெளிவாகக் கூறுங்கள். வீட்டுக்குள் இருப்பது மட்டுமே பாதுகாப்பு என்ற எண்ணத்தை வலிந்து மறுக்கத் தேவையில்லை. தொல்லையை அடையாளம் கண்டு சொல்லத் தெரிந்திருப்பதும் பாதுகாப்புதான் என்பதை அவர்களே உணர்வார்கள்.

உதவித்தொகை நின்றுவிடும் என்ற அச்சம் பணத்தாசையாகப் பல அலுவலர்களுக்குத் தோன்றுகிறது. அது சரியான கணிப்பு அன்று. சிறியதானாலும் மாதந்தோறும் தவறாமல் வரும் தொகையை, எத்தனை மாதம் நிலைக்கும் என்று தெரியாத ஒரு சம்பளத்துக்காக விட்டுக்கொடுக்கத் தயங்குவது எந்தக் குடும்பத்திலும் நியாயமான கணக்கு. எவ்வளவு சம்பளம் வரை உதவித்தொகை தொடரும், எப்போது குறையும், எப்போது நிற்கும், வேலை போய்விட்டால் மீண்டும் பெற எத்தனை நாள் ஆகும், மருத்துவச் சலுகைக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுப்பான அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கி, ஒரே தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக் கொடுங்கள். மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1990களில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் உருவாக்கிய வேலைவாய்ப்பு முறை, நீண்ட முன்பயிற்சிக்காகக் காத்திராமல் விரைவில் உண்மையான வேலையில் சேர்த்து, பிறகு தொடர்ந்து துணைநிற்பதை அடிப்படையாகக் கொண்டது. பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் பழைய முறைகளைவிட நல்ல பலன் தந்த அந்த முறை, உதவித்தொகைக் கணக்கை விளக்கும் ஆலோசனையைத் தன் அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கணக்குத் தெரியாமல் துணிச்சலை எதிர்பார்ப்பது முறையாகாது.

பேசப்படாத இன்னொன்றும் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதையே இருபது முப்பது ஆண்டுகளாக வாழ்க்கையாக்கிக்கொண்ட தாய்க்கு, அவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டால் அந்த நாள் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. சில வீடுகளில் நிலைமை தலைகீழாக இருக்கும்: வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் பிடிப்பது, குழந்தைகளுக்குக் காவலிருப்பது என்று அந்த வீடே மாற்றுத்திறனாளியின் உழைப்பில் ஓடிக்கொண்டிருக்கும்; அவர் போய்விட்டால் அந்த வேலைகளை யார் செய்வது என்பதுதான் உண்மையான தடை. இரண்டையும் மரியாதையோடு கேட்டறியுங்கள். வேலை நேரத்தைப் பகுதி நேரமாகத் தொடங்குவதோ, வீட்டுப் பொறுப்புகளை மற்றவர்களிடையே பகிர்ந்துகொள்ளச் சொல்வதோ அந்த நேரத்தில்தான் பேசுவதற்கு உரியவை ஆகின்றன.

உறவுகளின் வலையை வேலைக்குப் பயன்படுத்துதல்

விளம்பரம் பார்த்து வேலை பெறுபவர்களைப் போலவே, தெரிந்தவர் சொல்லி வேலை பெறுபவர்களும் எங்கும் ஏராளம். மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் மட்டும் அந்த வழியை நாம் மறந்துவிட்டு எல்லாவற்றையும் அலுவலகத்தின் வழியாகவே செய்யப் பார்க்கிறோம். ஒரு பெரிய தாளில் நடுவில் வேலை தேடுபவரின் பெயரை எழுதி, சுற்றிலும் குடும்பத்தாருக்குத் தெரிந்தவர்களை, அதாவது மாமாவின் முதலாளி, அக்காவின் பள்ளித் தோழி, வழக்கமாகப் பொருள் வாங்கும் கடைக்காரர், முன்பு பாடம் சொன்ன ஆசிரியர் என்று ஒவ்வொருவராக எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு உறவினருக்கும் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: இவர் இந்த வாரத்துக்குள் இன்ன இருவரிடம் பேச வேண்டும், அவ்வளவே. ‘எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. உறவினரின் நிறுவனத்தில் வேலை கிடைக்கும்போது, சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், விடுப்பு எத்தனை நாள் என்பவை அங்கே வேலை செய்யும் மற்றவர்களுக்கு உள்ளதைப் போலவே எழுத்தில் இருக்க வேண்டும். ‘பொழுது போகட்டும் என்றுதான் வரச் சொன்னோம்’ என்ற பேச்சு எழுந்துவிட்டால் அங்கே இருப்பது வேலை இல்லை.

உங்கள் பத்து விளக்கங்களைவிட, இரண்டு ஆண்டுகளாக மகனை வேலைக்கு அனுப்பிவரும் இன்னொரு தாயின் அரை மணி நேரப் பேச்சு அதிகப் பயன் தரும். அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்துவிட்டு நீங்கள் அங்கிருந்து எழுந்து போய்விடுங்கள். அலுவலர் உட்கார்ந்திருக்கும்போது, முதல் மாதம் எத்தனை மோசமாக இருந்தது என்பதை அந்தத் தாய் சொல்லமாட்டார். கேட்பவருக்கோ அதுதான் தேவை.

குடும்பம் ஒன்று சொல்ல, அவர் ஒன்று விரும்பினால்

அவருக்கு வேலைக்குப் போக விருப்பம், வீட்டாருக்கு விருப்பமில்லை. அல்லது வீட்டாருக்குக் கணினி வேலை பிடிக்கும், அவருக்குத் தோட்ட வேலைதான் பிடிக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் முடிவு அவருடையது என்பதில் தடுமாற்றம் கூடாது. ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்வதும் இதுவே: முடிவெடுக்க உதவி தேவைப்படுபவருக்கு உதவியைத் தர வேண்டும், முடிவை அவரிடமிருந்து பறித்துக்கொள்ளக் கூடாது. அவரைத் தனியாகச் சந்தித்து, படங்களாலோ நேரடிப் பணியிடப் பார்வையாலோ வாய்ப்புகளை விளக்கி, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லோரும் கூடும்போது முதலில் அவர் பேசட்டும். பேச்சு அவரைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று அவர் பக்கம் திரும்பிக் கேட்பதே குடும்பத்துக்கு நீங்கள் தரும் பாடம்; வேறு உபதேசம் வேண்டியதில்லை.

அதே நேரத்தில், பெரிய முடிவாக நிற்பதைச் சிறிய முடிவுகளாக்கிவிட்டால் மோதலும் சிறுத்துவிடும். வேலைக்குச் சேர்வதா வேண்டாமா என்பதைத் தள்ளிவைத்து, ஒரு நாள் போய்ப் பார்ப்பதா, பிறகு அரை நாள் செய்து பார்ப்பதா, பிறகு சம்பளத்தோடு இரண்டு வாரம் முயல்வதா என்று கேளுங்கள். சம்பளமில்லாத ‘பயிற்சி’ மாதக்கணக்கில் நீளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1972இல் ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் ‘இடரை ஏற்கும் கண்ணியம்’ என்ற கருத்தை எழுதினார்: மற்றவர்கள் அன்றாடம் சந்திக்கும் இயல்பான இடர்களிலிருந்து ஒருவரை முற்றிலும் காப்பாற்றிவிடுவது, அவரை முழு மனிதராக மதிக்காமல் இருப்பதற்குச் சமம். இதைக் குடும்பத்தாரிடம் அப்படியே சொன்னால் குற்றம் சாட்டுவதாகப் படும். வீட்டின் மற்ற பிள்ளைகள் முதன்முதலில் தனியாக வெளியே போன நாளைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். அன்று எவ்வளவு பயந்தார்கள், இருந்தும் ஏன் அனுப்பினார்கள் என்பதை அவர்களே சொல்லிவிட்டு, சற்று நேரம் மௌனமாக இருப்பார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதம் குடும்பத்துக்கும் வேலைதான். அவர் சேரும் முன்பே சில விதிகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாய் ஒரு நாளைக்கு ஐந்து முறை மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்தால், உடன் வேலை செய்பவர்கள் அவரைச் சக பணியாளராகப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். வீட்டிலிருந்து வரும் செய்திகள் எல்லாம் உங்கள் வழியாகவோ பணியிடத்தில் உடனிருந்து வேலையைக் கற்றுக்கொடுக்கும் ‘ஜாப் கோச்’ வழியாகவோ போகட்டும். பதிலுக்கு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் நீங்கள் தவறாமல் வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள். அந்த அழைப்பு இரண்டு முறை தவறினால் தாய் மறுபடியும் மேற்பார்வையாளரை அழைப்பார். அதில் பிழை அவருடையதில்லை.

காலையில் எழுப்புவது, உடை எடுத்துவைப்பது, பையைச் சரிபார்ப்பது போன்ற உதவிகள் தொடக்கத்தில் இருக்கட்டும். எந்த வாரம் எதை நிறுத்துவது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும், இல்லையெனில் அவை என்றைக்கும் நிற்காது. சம்பளம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வரட்டும். வீட்டுச் செலவுக்கு அவர் பங்கு தருவது நல்லதுதான், மற்ற பிள்ளைகள் தருவதைப் போலவே. ஆனால் எவ்வளவு தருவது என்பதில் அவருக்கும் பேச்சுரிமை வேண்டும். மிச்சத்தில் ஒரு பகுதியை அவர் விருப்பப்படி, வீட்டாருக்கு வீண் செலவாகத் தோன்றும் பொருளுக்குக்கூட, செலவழிக்க விட்டுவிடுங்கள் என்று முன்பே சொல்லி வைப்பது நல்லது.

மனநலக் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் குடும்பத்தின் பார்வை தனிப் பயனுள்ளது. தூக்கம் குறைவது, பேச்சு வேகமாவது, சாப்பிடாமல் இருப்பது போன்ற முதல் அறிகுறிகள் வீட்டில்தான் தெரியும். அவை தெரிந்தால் யாரிடம் சொல்வது, வேலையிடத்துக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர் நலமாக இருக்கும்போதே அவரோடு சேர்ந்து எழுதி, மூவரும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் குடும்பமும் நீங்களும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு என்றேனும் ஒருநாள் வெளிப்படும். அன்று மூன்று பேருக்கும் இடையிலான நம்பிக்கை போய்விடும்.

வேலை போய்விடவும் கூடும். எல்லோருக்கும் போகிறது. இந்தப் பேச்சை வேலை கிடைத்த நாளிலேயே தொடங்கிவிடுவது கடினமாக இருந்தாலும், அப்போது சொல்லாவிட்டால், முதல் வேலை முடிந்ததும் ‘நாங்கள் அப்போதே சொன்னோம்’ என்று வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். வேலை நின்ற ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போங்கள். உறவுகளின் பெயர்களை எழுதிய அந்தப் பழைய தாளையே விரித்து வைத்து, அவரிடம் முதலிலும் வீட்டாரிடம் பிறகுமாக, அந்த வேலையில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எந்த நேரம் சரியாக இருந்தது, யார் உதவினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கூடவே, அங்கே அவருக்குப் புதிதாக அறிமுகமானவர்களின் பெயர்களையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொண்டு, அடுத்த வாரம் யார் யாரிடம் பேசுவது என்று பிரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.